சோளகத்தில் ஒரு காதுப் பரீட்சை

ஹெட்போன் வாங்கக் கடைக்குப் போனால், குளிரூட்டிய அறையில் இருத்தி, கடைக்காரருக்குப் பிடித்த பாட்டொன்றை ஓடவிட்டு, இரண்டு நிமிடத்தில் “எப்படி அண்ணை, சத்தம்?” என்று கேட்பார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் கெட்ட ஹெட்போன் என்று ஒன்று இல்லை. பாஸ் கூடினது இனிக்கும், பளிச்சென்று கேட்பது தெளிவாகத் தோன்றும். தலையை இறுக்குவதுகூடப் புதுச் செருப்பின் இறுக்கம்போலப் பொறுத்துக்கொள்ளத் தக்கதாகவே இருக்கும்.

கலையகங்களில் ஒலிப்பதிவுக்கென்று வைத்திருக்கும் பின்பக்கம் மூடிய ஹெட்போனைப் பரீட்சிக்க என்னைக் கேட்டால் தாழ்வுபாட்டுக் கடற்கரையைச் சொல்வேன். மன்னார்த் தீவின் தென்கரையில், மன்னார் வளைகுடாவை நேரே பார்த்துக்கொண்டிருக்கும் மீனவக் கிராமம் அது. சோளகம் எழும்பிவிட்டால் காற்று ஓயாது. மணல் காலில் ஊசி குத்தும், சட்டை படபடக்கும், அலை ஒரே மூச்சில் இரையும், வள்ளங்களின் எஞ்சின் சத்தம் காற்றோடு வந்து வந்து மறையும். இந்தக் காற்று சும்மா போகக்கூடாதென்றுதான் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நாட்டி, 2020 டிசம்பரில் ‘தம்பபவனி’ என்று பெயரிட்டுத் திறந்தார்கள். மின்சாரசபைக்குப் பிடித்த காற்று ஒலிப்பதிவுக்காரனுக்கு எதிரி. அந்த எதிரியின் முன்னால்தான் ஹெட்போனின் குணம் தெரியும்.

மூடிய ஹெட்போன் எதற்காக என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திறந்த வகையில், ஒலியை எழுப்பும் டிரைவரின் பின்பக்கம் வலைபோல விட்டிருக்கும். ஒலி பின்னாலும் போகும், அதனால் காதுக்குள் அடைப்பு இல்லாமல் விசாலமாகக் கேட்கும். வீட்டில் தனியே இருந்து ரசிப்பதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் பாடுகிறவரின் தலையில் அதைப் போட்டால், அவருக்குக் கேட்கவிட்ட தாளம் வெளியே கசிந்து முன்னாலிருக்கும் மைக்கில் ஏறும். வெளியிடத்தில் பதிகிறவனுக்கு வேறு கஷ்டம்: மைக் கேட்பது எது, தன் காது நேரே கேட்பது எது என்று பிரித்தறிய முடியாது. மூடிய வகை இந்த இரண்டையும் தடுக்க வந்தது. தடுப்பும் ஓரவஞ்சனையானது. மேல்சுருதிச் சத்தங்களை நன்றாகவே வெட்டும், கீழ்ச்சுருதிகளை அவ்வளவாக வெட்டாது. அலையின் ‘ஸ்ஸ்’ ஒடுங்கிவிடும். எஞ்சினின் ‘டும்டும்’ உள்ளே வரும். போதாததற்குக் காற்று ஹெட்போனின் ஓட்டிலேயே மோதித் தானொரு சத்தம் போடும். வயர் சட்டையில் உரசினால் அந்த உரசல் ஓட்டுக்கு ஏறிக் காதில் இறங்கும். இது மைக்கில் விழுந்ததா, என் தலையில் விழுந்ததா என்ற குழப்பம் வராத ஹெட்போனே இந்தக் கரைக்கு ஆகும். அறைக்குள் இருந்து எழுதுகிறவர்கள் இதைப்பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை.

எதைப் பதியப் போகிறோம் என்பதும் முக்கியம். மன்னார்க் கத்தோலிக்கக் கிராமங்களின் சொத்து கூத்து. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு வழி இங்கே உண்டு. அந்தக் கூத்துகளில் ஒன்றான ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடக’த்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் பதிப்பித்து அச்சில் ஏற்றினார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த பாட்டுகளுக்கு அது மறுபிறப்பு. ஆனாலும் அச்சு சொல்லைத்தான் காப்பாற்றும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் எந்த இடத்தில் குரலை இழுக்கிறார், பிற்பாட்டுக்காரர் எந்த எழுத்தில் ஏறுகிறார்கள், மத்தளம் எங்கே பொறுத்து எங்கே முந்துகிறது என்பதெல்லாம் காதுவழிதான் வரவேண்டும். ஆகவே ஹெட்போனில் தவறிக் கேட்டால் தவறிப் பதிவோம். அப்படித் தவறிப் பதிந்ததைத்தான் அடுத்த தலைமுறை மூலம் என்று நம்பும்.

மத்தளத்தையே எடுங்கள். வலந்தலையின் சொல் கூர்மையாக விழ, தொப்பிப் பக்கம் அடியில் கும்மென்று நிற்கும். பாஸைக் கூட்டிக் காட்டும் ஹெட்போனில் அந்தக் கும் பெருத்துக் கேட்கும். பதிகிறவன் பயந்துபோய், ரெக்கோடரில் கீழ்ச்சுருதியை வெட்டும் விசையைப் போட்டுவிடுவான், அல்லது மைக்கைத் தள்ளி வைப்பான். வீட்டுக்கு வந்து நல்ல ஸ்பீக்கரில் போட்டால் மத்தளம் தகரப்பேணியாகியிருக்கும். பாஸ் குறைந்த ஹெட்போனில் இது தலைகீழாக நடக்கும். மைக்கின் பஞ்சுறையைத் தாண்டிக் காற்று கடகடத்தது அங்கே கேட்காது. எல்லாம் சுத்தமென்று நம்பி விடிய விடியப் பதிந்தது முழுக்கக் காற்றின் முழக்கமாக இருக்கும். ஹெட்போன் சொல்லும் பொய், பதிவில் எதிர்ப்பொய்யாக வந்து விழுகிறது. கைத்தாளத்துக்கும் இதே கதை. மேல்சுருதியைத் தூக்கிக் காட்டும் ஹெட்போனில் தாளம் காதைக் கீறும். உடனே அதைத் தணிக்கக் கை போகும். தணித்தால் கூத்தின் மினுக்கமே போய்விடும்.

அப்படியானால் கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லும் ஹெட்போன் எது? அப்படி ஒன்று இருக்கமுடியாது. காது மடலும் காதுக் குழாயுமே ஏறத்தாழ 3,000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைத் தூக்கிக்கொடுக்கின்றன. வெளியிலிருந்து வரும் ஒலியைப் பிறந்ததிலிருந்து அந்தத் தூக்கலோடுதான் கேட்டு வந்திருக்கிறோம். ஹெட்போன் காதை நேரே மூடுவதால் அந்தத் தூக்கலில் ஒரு பங்கைத் தானே செய்துகாட்ட வேண்டியிருக்கிறது. எவ்வளவு செய்யவேண்டும் என்பதில்தான் கம்பனிக்குக் கம்பனி வேறுபாடு. ஹார்மன் நிறுவனத்தில் சோன் ஒலிவும் கூட்டாளிகளும் பலருக்குப் போட்டுக்காட்டிப் பெரும்பாலோர் விரும்பும் வளைகோடு ஒன்றைக் கண்டார்கள். பயனுள்ள வேலைதான். ஆனால் பெரும்பாலோரின் விருப்பம் மத்தளத்தின் உண்மைக்குச் சாட்சி ஆகாது. என் வழி எளியது: நேரில் பலமுறை கேட்ட குரலொன்றை, நேரில் கேட்ட கருவியொன்றைப் பதிந்து வைத்துக்கொண்டு, புது ஹெட்போனில் அதைக் கேட்பேன். வேறெந்த வளைகோடும் எனக்கு வேண்டாம். இசைத்தட்டு ஒன்றும் வேண்டுமென்றால் இளையராஜாவின் ‘நத்திங் பட் விண்ட்’ போதும். 1988இல் வந்தது, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலில் மூச்சு எங்கே முடிந்து சுரம் எங்கே தொடங்குகிறது என்று காட்டாத ஹெட்போனைக் கீழே வைத்துவிடலாம். தாழ்வுபாட்டில் இருந்துகொண்டு அந்தப் பெயருள்ள இசையைப் போடுவதில் ஒரு குறும்பும் இருக்கிறது.

சத்தம் ஒரு விஷயம், சொகுசு வேறொரு விஷயம் என்று எல்லோரும் இரண்டு தலைப்பில் எழுதுகிறார்கள். மூடிய ஹெட்போனைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை பிழை. இதன் பாஸ், மெத்தை காதைச் சுற்றிக் கசிவில்லாமல் உட்காருவதிலிருந்தே பிறக்கிறது. உள்ளே அடைபட்ட சிறு காற்றறையை டிரைவர் அமுக்கி இழுக்கிறது. அறையில் ஒரு கீறல் விழுந்தாலும் அமுக்கம் அதன்வழி ஓடிவிடும், 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே பல டெசிபெல் காணாமல் போகும். அந்தக் கீறல் பெரும்பாலும் மூக்குக்கண்ணாடியின் காம்புதான். கண்ணாடி போட்ட ஒருவரும் போடாத ஒருவரும் ஒரே ஹெட்போனைப் பற்றிச் சண்டை பிடித்தால் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

தோட்டைப் பற்றி எந்த விமர்சகரும் எழுதி நான் வாசித்ததில்லை. நம் பெண்களின் தோட்டுக்குப் பின்னால் திருகாணி இருக்கிறது. அரை மணித்தியாலம் அமுங்கினால் அது மடலின் பின்னால் ஏறிக் குத்தும். ஜிமிக்கி என்றால் தலையசைக்கும்போதெல்லாம் ஓட்டுக்குள் கிண்கிணி. எருக்கலம்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் சகோதரிகள் முக்காட்டுக்கு மேலே போடும்போது துணி மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில் நின்று பாஸைக் கசியவிடும். அடர்ந்த கூந்தலுக்கும் இதுவே. மெத்தை கொஞ்சம் ஆழமாக, மெதுவாக இருந்தால் இவற்றில் பாதி தீரும். இறுக்கிப் பிடித்துத் தீர்க்கப் பார்க்கும் ஹெட்போன் முதல் மணித்தியாலத்தில் வென்று மூன்றாவதில் தோற்கும். கூத்தோ விடியும்வரை போகும்.

1910இல் அமெரிக்காவின் யூட்டாவில் நதானியேல் போல்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனை வாங்கிப் போட்டது அந்நாட்டுக் கடற்படை. உப்புக்காற்றும் நீண்ட காவலும் இந்தக் கருவிக்குப் பிறப்பிலேயே வாய்த்தவை. ஆனாலும் இன்றைய மெத்தைகளுக்கு உறை போடும் செயற்கைத்தோல் ஈரலிப்புக்கு ஆளாகிற சரக்கு. பொலியூரித்தேன் ஈரத்தோடும் வெக்கையோடும் வேதிமாற்றமடைந்து வெடித்துச் செதிலாக உரியும். காதோரம் கறுப்புப் பொட்டுகள் ஒட்டிக்கொண்டு வருபவரைக் கண்டால் ஒலிப்பதிவுக்காரர் என்று அடையாளம் சொல்லலாம். வெல்வெட் மெத்தை உரியாது, வேர்வையைக் குடித்துக்கொள்ளும், காது வேகாது. ஆனால் உப்பும் மணலும் மயிரிழைகளில் தங்கும். காற்றடைப்பும் ஒரு படி தளர்வு. கழற்றிக் கழுவிக் காயவிட வசதி இருந்தால் நான் வெல்வெட்டின் பக்கம்.

இனிப் பெயர் சொல்லிப் பேசலாம். சோனியின் எம்டிஆர்-7506, 1991இலிருந்து அதே உருவம், அதே நீலப்பட்டி. 230 கிராம், 63 ஓம், மடித்துப் பைக்குள் போடலாம், சின்ன ரெக்கோடரும் தாராளமாக ஓட்டும். மேல்பாதியைத் தூக்கிக் காட்டும் குணம் உண்டு. அது இனிமைக்கு அல்ல, குற்றம் பிடிக்க. வயர் இணைப்பின் கரகரப்பு, பாடகரின் உதட்டுச் சத்தம், சகரத்தின் சீறல் எதுவும் தப்பாது. மெத்தை மெல்லியது, பெரிய காதென்றால் உள்ளே முட்டும். சுருள் வயரோ ஒரு பக்கமாக இழுக்கும். பேயர்டைனமிக் டிடி 770 புரோ வேறு சாதி. 1937இல் டிடி 48 செய்த ஜெர்மன் கம்பனியின் பிள்ளை. 270 கிராம் என்றாலும் சாம்பல்நிற வெல்வெட் மெத்தையும் அகன்ற உள்ளிடமும் பாரத்தை மறக்கச் செய்யும். 32, 80, 250 ஓம் என்று மூன்று வடிவம். 250ஐச் சின்ன ரெக்கோடரில் சொருகினால் குரல் கிணற்றுக்குள் போய்விடும், வெளியிடத்துக்கு 80 ஓம்தான். அடியில் நல்ல பாஸ், உச்சியில் ஒரு கூரான ஏற்றம். கைத்தாளம் இதில் உள்ளதைவிட மின்னும், அதைத் தெரிந்துகொண்டு கேட்கவேண்டும். ஓடியோ-டெக்னிகாவின் எம்50எக்ஸ் கேட்க உற்சாகமானது, 2014இலிருந்து இளம் பிள்ளைகள் கையில் அதிகம் காண்கிறேன். எனக்கு அதன் பாஸ் கொஞ்சம் தாராளம். சென்ஹைசர் எச்டி 25, 140 கிராம்தான், காதைச் சுற்றாமல் காதின்மேல் உட்காரும். வெளிச்சத்தத்தை வெட்டுவதில் அதன் உருவத்தை மீறிய வீரம் அதற்கு. ஆனால் திருகாணிக்கும் அதற்கும் ஜென்மப்பகை.

வெட்டும் திறனைப் பெரிதாக நான் பேசுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. காற்று இரையும்போது கை தானாக வொலியூமைக் கூட்டும். 85 டெசிபெலில் 8 மணித்தியாலம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94க்குப் போனால் ஒரு மணித்தியாலந்தான். கூத்தின் தொடக்கத்தில் வரும் கட்டியகாரன் வந்து போவதற்குள் அன்றைய கணக்குத் தீர்ந்துவிடும். வெளிச்சத்தத்தை உள்ளே விடாத ஹெட்போன் இருந்தால் கை குமிழுக்கு அடிக்கடி போகாது.

அண்ணாவியார் ஒருவருக்கு அவருடைய பாட்டையே போட்டுக்காட்டினேன். இரண்டு ஓடும் காதில் இருக்கப் பாடிப்பார்த்தவர் உடனே கழற்றிவிட்டார். காது அடைபட்டால் சொந்தக்குரல் எலும்புவழி ஏறி, குடத்துக்குள் பாடியதுபோல முழங்கும். பழகாதவருக்கு அது பேய்க்குரல். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்து, மறுபக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். “தம்பி, பாட்டு சரி. மத்தளம் இப்பிடி முழங்காது. என்ர மத்தளத்துக்கு மா கொஞ்சம் காய்ஞ்சு போச்சு, அது இதில கேக்கேல்லை” என்றார். அன்று பாஸ் தூக்கலான ஹெட்போனொன்றை எடுத்துப் போயிருந்தேன். பிறகு வேறொன்றை மாட்டிக் கேட்டபோது தொப்பியின் வறட்சி அப்படியே இருந்தது.

இப்போது என் பையில் இரண்டு கிடக்கின்றன. பதிவு தொடங்குமுன் பத்து நிமிடம் 7506இல் குற்றம் தேடுவேன். தொடங்கியபின் விடியும்வரை 770. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 770 என்பேன், கண்ணாடி போடுகிறவர் என்றால் இன்னும் அழுத்திச் சொல்வேன். எதை வாங்கினாலும் மாற்று மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, கிடைத்தால் ஒரு சோடியைக் கையோடு வாங்கிவிடுங்கள். அதே கம்பனியின் மெத்தையாக இருக்கட்டும். வேறு தடிப்பில் மலிவாக வருவதைப் போட்டால் டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறி, காசு கொடுத்து வாங்கிய சத்தம் வேறாகிவிடும். பிளக்கை வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். பொன்முலாம் பூசிய பிளக்கில் துரு ஏறாவிட்டாலும், அதைச் சொருகும் ரெக்கோடரின் துளைக்கு அந்தப் பாக்கியம் எப்போதும் இருப்பதில்லை.