பொடி வைத்துப் பேசும் பாக்கெட்டுகள்

நெய்வேலி அனல் மின் நிலையத்தில் பழுப்பு நிலக்கரியைக் கட்டி கட்டியாக அள்ளிப் போட்டு எரிப்பதில்லை. அரைத்துப் பொடியாக்கி, பாய்லருக்குள் ஊதுகிறார்கள். பொடியானால்தான் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

இது கரண்ட்டுக்கு மட்டுமல்ல, வியாபாரத்துக்கும் பொருந்துகிற சூத்திரம். பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவில் இருக்கிறது மேல்பட்டாம்பாக்கம். அங்கே ஏதாவது ஒரு மளிகைக் கடை வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். சரம் சரமாகப் பாக்கெட்டுகள். சிக்கன் மசாலா, மீன் குழம்பு மசாலா, ரசப் பொடி, சூப் பவுடர், நூடுல்ஸ் மசாலா, பாலில் கலக்குகிற சத்து பவுடர். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சரத்தை விலக்கிக்கொண்டுதான் பேச வேண்டும்.

இந்தச் சரத்துக்கு மூலமே அந்த மாவட்டம்தான் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெரிய டப்பாவில் விற்பதைச் சின்ன பாக்கெட்டில் அடைத்தால் கூலி வேலைக்குப் போகிறவரும் வாங்குவார் என்று யோசித்தவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவருடைய பிள்ளைகள் அந்த யோசனையை ஷாம்புவில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஒரு மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவோடு ஆரம்பித்த கம்பெனிதான் பிற்பாடு கெவின்கேர் ஆனது. அப்பா பெயரில் 'சின்னிஸ்' என்று ஊறுகாய், மசாலா எல்லாம் வந்தது. குளியலறைக்குள் நுழைந்த பாக்கெட், அடுப்படிக்குள்ளும் வந்துவிட்டது.

வரட்டுமே, அதிலென்ன தப்பு?

தப்பே இல்லை. பொடி என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்த வேண்டும். தமிழன் சமையலே பொடிச் சமையல்தான். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, பிள்ளை பெற்றவளுக்கு அங்காயப் பொடி. கடையில் வாங்குகிற பெருங்காயத்தூள்கூட சுத்தப் பெருங்காயம் இல்லை. மாவும் பிசினும் சேர்த்த கூட்டுப் பெருங்காயம். ஆகவே, 'பாட்டி காலத்தில் எல்லாம் சுத்தம், இப்போது எல்லாம் விஷம்' என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பாட்டியின் பொடியில் என்ன இருக்கிறது என்று பாட்டிக்குத் தெரியும். மிளகாயையும் மல்லியையும் அவளே காயவைத்து, மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு போய், கூடவே நின்று அரைத்து வாங்கி வந்தாள். இந்தப் பாக்கெட்டுகளோ நம்மிடம் பொடி வைத்துப் பேசுகின்றன. முன்பக்கம் ஒரு பேச்சு, பின்பக்கம் ஒரு பேச்சு.

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கொடுத்தாலும் சேர்மன் சிரிக்கிற வழவழ பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு, கடைசியில் பொடி எழுத்தில் இருக்கிற குறிப்புகளுக்குத்தான் போவான். நிஜம் அங்கேதான் ஒளிந்திருக்கும். உணவுப் பாக்கெட்டும் அப்படித்தான். முன்பக்கத்துத் தக்காளியும், துள்ளிக் குதிக்கிற குழந்தையும் சேர்மன் உரை. பின்பக்கம்தான் கணக்கு.

முதலில் ருசிப் பொடிகளை எடுத்துக்கொள்வோம்.

1908-ல் ஜப்பானில் கிகுனாயே இகேடா என்ற வேதியியல் பேராசிரியர், கொம்பு என்கிற கடல்பாசி போட்ட சூப்புக்கு ஏன் இத்தனை ருசி என்று ஆராய்ந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். அடுத்த வருடமே அது 'அஜினோமோட்டோ' என்று கடைக்கு வந்துவிட்டது. நம்மூர் தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸ் வரைக்கும் வந்து சேர்ந்த கதை உங்களுக்கே தெரியும்.

1968-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு வாசகர் கடிதம், சைனீஸ் ஹோட்டலில் சாப்பிட்டால் மரத்துப் போகிறது, படபடக்கிறது என்று சந்தேகம் கிளப்ப, உலகமே பயந்தது. பிறகு நடந்த ஆராய்ச்சிகளில், சாதாரணமாகச் சாப்பிடுகிற அளவுக்கு அந்தப் பயம் நிரூபணமாகவில்லை. பழுத்த தக்காளியிலேயே குளூட்டமேட் இருக்கிறது.

அப்படியானால் பிரச்னை என்ன? பேச்சில் இருக்கிற நேர்மைதான் பிரச்னை. 2015 ஜூனில் மேகி நூடுல்ஸுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது நினைவிருக்கும். ஈயம் அதிகம் என்பது ஒரு குற்றச்சாட்டு. எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே அது இருந்தது என்பது இன்னொன்று. ஆகஸ்ட்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்து, மறுபடி சோதிக்கச் சொன்னது. நவம்பரில் நூடுல்ஸ் கடைக்குத் திரும்பிவிட்டது. கம்பெனி சொன்ன சமாதானம், 'நாங்களாகச் சேர்க்கவில்லை, பொருட்களிலேயே இயற்கையாக இருப்பது' என்பது. சட்டப்படி இந்த வாதத்துக்கு இடம் இருக்கலாம். ஆனால் அட்டையைப் படித்த அம்மா புரிந்துகொண்டது என்ன? இல்லை என்றுதானே?

இப்போது பாக்கெட்டைத் திருப்புங்கள். 621 என்று இருந்தால் அது எம்.எஸ்.ஜி. 627, 631, 635 என்று இருந்தால் அதே வேலையை இன்னும் தூக்கிக் கொடுக்கிற அதன் பங்காளிகள். இவற்றைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டாம். அதற்கு முன்னால் உப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சேர்மானங்களை அதிக எடையில் இருந்து குறைந்த எடை வரிசையில்தான் போட வேண்டும் என்பது சட்டம். பல சூப் பாக்கெட்டுகளில் சோள மாவு, உப்பு, சர்க்கரை என்று மூன்று பேர் உட்கார்ந்த பிறகுதான் அட்டையில் சிரித்த காய்கறிக்கு நாற்காலி கிடைக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மசாலாவிலேயே உப்பு இருப்பது தெரியாமல் நாமும் கையளவு போட்டால், பி.பி. மாத்திரைக்காரருக்குத்தான் யோகம்.

அடுத்தது சத்துப் பொடி. இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

ருசிப் பொடிக்காரர் நாக்கிடம் பேசுகிறார். சத்துப் பொடிக்காரர் பயத்திடம் பேசுகிறார். 'உன் பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிடக் குள்ளம்' என்கிற பயம். 2008-ல் பிரிட்டனில் டி.வி. சேனல் ஒன்றில் ஹார்லிக்ஸ் விளம்பரம் ஓடியது. குடித்தால் உயரம், பலம், புத்திக்கூர்மை என்று சொன்னது. அங்கிருக்கிற விளம்பரத் தர அமைப்பு, ஆதாரம் போதாது, நிறுத்து என்று சொல்லிவிட்டது. கம்பெனியின் பதில், அந்த விளம்பரம் வங்கதேசத்துக்காக எடுத்தது, பிரிட்டனுக்கு இல்லை என்பது. அதாவது டாக்காவில் வளர்கிற பிள்ளை லண்டனில் வளராது!

நம் நாட்டில் விழிக்க இன்னும் பதினைந்து வருடம் ஆனது. 2023 ஏப்ரலில் போர்ன்விட்டாவின் சர்க்கரையைப் பற்றி ஒருவர் வீடியோ போட, கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்ப, அவர் வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் பார்த்தவர்கள் மறக்கவில்லை. குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தது. அந்த டிசம்பரில் கம்பெனி சர்க்கரையைச் சுமார் 14 சதவிகிதம் குறைத்தது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. காரணம் என்ன தெரியுமா? 2006-ம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு சமாச்சாரமே கிடையாது! அதே மாதம் ஹார்லிக்ஸும் 'ஹெல்த்' பட்டத்தைக் கழற்றிவிட்டு 'ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்' என்று புதுப் பட்டம் சூட்டிக்கொண்டது. இத்தனை காலம் நம் வீட்டு அலமாரியில் இருந்தது, சட்டத்தின் கண்ணில் இல்லாத ஒரு ஜாதிப் பொருள்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்கான மால்ட், சாக்லெட் பவுடர்களில் பொதுவாக 100 கிராமுக்கு 7 முதல் 11 கிராம் புரதம் இருக்கும். இரண்டு ஸ்பூன் என்பது 25 கிராம் என்றால், கிடைப்பது இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று கிராம். அது கரைகிற 200 மில்லி பாலில் மட்டும் சுமார் 6 கிராம். வேலை செய்வது பால், பேர் வாங்குவது பவுடர்! ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையில் சுமார் 7 கிராம். கடலூர்ப் பக்கம் அதை மல்லாட்டை என்பார்கள். மல்லாட்டை விளைகிற மண்ணில் உட்கார்ந்துகொண்டு, புரதத்துக்காக டப்பாவைத் திறக்கிறோம். முருங்கை மரம் கொல்லையில் நிற்க, முருங்கைக்கீரைப் பொடியைக் கூரியரில் வரவழைக்கிறோம்.

இது புது வியாதி இல்லை. 1918-ல் நம் குன்னூரில், ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய ஒரே ஒரு அறையில் ஒரு ஆய்வகம் தொடங்கினார். இந்தியாவின் பல பிரதேசத்துச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழு கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியுமாக சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. நம் மெட்ராஸ் சாப்பாட்டு எலிகளுக்குக் கடைசி ரேங்க். தீட்டித் தீட்டி வெளுப்பாக்கின அரிசிதான் முக்கியமான குற்றவாளி. சத்தெல்லாம் தவிடாகப் போய்விட்டது. யோசித்துப் பாருங்கள். பி வைட்டமினைத் தவிட்டோடு மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, அதே பி வைட்டமினை டப்பாவில் போட்டு நாம் வாங்குகிறோம். மாட்டுக்கு இருக்கிற அதிர்ஷ்டம்!

அந்தக் குன்னூர் அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. 2024 மே மாதம் அவர்கள் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், தசை வளர்க்கப் புரத பவுடர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு சேர்ந்தால் புரதத்தின் தரம் கூடும் என்கிறார்கள். மூன்றுக்கு ஒன்று! உங்கள் வீட்டு இட்லி மாவுக்கு அரிசியும் உளுந்தும் என்ன கணக்கில் ஊறப்போடுகிறீர்கள்?

நியாயத்துக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். சத்துப் பொடி எல்லாமே மோசடி இல்லை. அயோடின் உப்பைவிடப் பெரிய சத்துப் பொடி எது? கழுத்துக் கழலை வராமல் தடுக்க 1962-ல் தேசியத் திட்டமாக ஆரம்பித்தது, இன்று ஏழை பணக்காரர் எல்லார் குழம்பிலும் சத்தமில்லாமல் கரைகிறது. அங்கன்வாடியில் கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் சேர்த்துக் கொடுக்கிற இணை உணவு மாவும் பொடிதான். இவை யார் பயத்தையும் கிளறி விற்கவில்லை. இன்ன குறைக்கு இன்ன சத்து என்று தெரிந்து சேர்த்தார்கள். வித்தியாசம் அங்கேதான்.

கடைசியாக, இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன், எல்லாத்தையும் வீட்டிலேயே அரைக்கணும்' என்று மனைவியிடம் பேப்பரை நீட்டப்போகிற கணவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மியில் அரைத்த குழம்பின் ருசியைப் பற்றி உருகுகிறவர்களில் அம்மி பிடித்தவர்கள் எத்தனை பேர் சார்? காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்து வேலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு சாம்பார்ப் பொடி பாக்கெட் என்பது அரை மணி நேரத் தூக்கம். அதைப் பிடுங்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. அவளுடைய நேரத்தை மிச்சப்படுத்துகிற பொடிக்கு நான் விரோதி இல்லை. அவளை மோசமான அம்மா என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, அபராதமாகப் பணம் பிடுங்குகிற பொடிக்குத்தான் விரோதி. நகரத்து மாதச் சம்பளக்காரருக்கு அந்த அபராதம் கையைக் கடிக்காது. தினக் கூலியில் வாழ்கிற வீட்டில், சரத்திலிருந்து கிழிக்கிற ஒவ்வொரு சத்து பாக்கெட்டும் அந்தப் பிள்ளை சாப்பிடாமல் போன முட்டை.

ஆகவே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது மூன்றே மூன்று காரியம் செய்யுங்கள். பாக்கெட்டைத் திருப்புங்கள். சேர்மானத்தில் முதல் மூன்று பெயரைப் படியுங்கள். பிறகு, 100 கிராமுக்கு என்று போட்டிருக்கிற சத்துக் கணக்கை உங்கள் ஸ்பூனுக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அவ்வளவு பெரிய குழந்தைப் படத்தைப் போடத் தெரிந்தவர்களுக்கு, சர்க்கரை அளவைப் பெரிய எழுத்தில் போட இடமா கிடைக்கவில்லை?