நாயகன் திரைப்படமும் திட்டமிட்ட குற்றமும்

நாயகன், மணிரத்னம் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து 1987 தீபாவளிக்கு வெளிவந்த தமிழ்த் திரைப்படம். தூத்துக்குடியில் பிறந்து பம்பாயில் கள்ளச்சாராயத் தொழிலால் வளர்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவியது. 1972இல் வந்த 'காட்பாதர்' படத்தின் சாயலும் இதில் உண்டு. நடிப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம் ஆகியவற்றுக்குத் தேசிய விருதுகள் பெற்றது. 'தாதா' என்றதும் தமிழர் பலரின் மனத்தில் தோன்றும் உருவம் இப்படம் தந்ததே. அந்த உருவம் எவ்வளவு உண்மை என்பதே இங்குக் கேள்வி.

'திட்டமிட்ட குற்றம்' என்ற சொல் சற்றே ஏமாற்றக்கூடியது. தனியாள்கூடத் திட்டமிட்டுத் திருடலாம். அது இதில் சேராது. 2000ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, மூவரோ அதற்கு மேற்பட்டவரோ ஒரு குழுவாக நீடித்து இயங்கி, பணத்துக்காகவோ பிற ஆதாயத்துக்காகவோ கடுங்குற்றங்களைச் செய்வதையே குறிக்கிறது. இந்தியாவில் 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவும் இத்தகைய தொடர்குற்றத்தைத் தனிக்குற்றமாக வரையறுக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் இது ஒரு தொழில். தொழில் என்றால் முதலீடு, ஆள், சரக்கு, வாடிக்கையாளர், மாமூல் எல்லாம் உண்டு.

மக்கள் ஏன் ஒரு தாதாவிடம் போகிறார்கள் என்பதைப் படம் மிக நன்றாகச் சொல்கிறது. வேலுவை வளர்த்தவர் காவல் நிலையத்தில் சாகிறார், கேட்க நாதியில்லை. குடிசைகளை இடிக்க வந்தால் தடுக்க வேறு ஆளில்லை. மகளுக்கு நேர்ந்த கொடுமைக்கு நியாயம் கேட்டு ஒரு காவல் அதிகாரியே வேலுவின் வாசலுக்கு வருகிறார். சட்டம் எட்டாத இடத்தில் இன்னொரு அதிகாரம் வளர்வதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தமிழ்ப்படம் வேறில்லை எனலாம்.

படம் விட்டுவிடுவது வருமானத்தை. வரதராஜ முதலியார் பணம் சேர்த்தது மதுவிலக்கு இருந்த பம்பாயில் சாராயம் விற்று. அதைக் குடித்தவர்கள் பெரும்பாலும் அவர் காத்ததாகச் சொல்லப்படும் அதே கூலித் தொழிலாளிகள். சாராயத்தில் மெத்தனால் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015இல் மும்பை மால்வணியில் இறந்த 100க்கும் மேற்பட்டோரும், 2024இல் கள்ளக்குறிச்சியில் இறந்த 60க்கும் மேற்பட்டோரும் சான்று. திரையிலோ வேலு செய்வது கடல்வழிக் கடத்தல். படகில் பாட்டும் நடனமும். அதனால் பாதிக்கப்பட்டவர் முகம் ஒன்றுகூடத் தெரிவதில்லை. மனைவி, மகன், கடைசியில் வேலு என்று துன்பமெல்லாம் அவன் வீட்டுக்குள்ளேயே விழுகிறது. பார்ப்பவர் இரக்கமும் அங்கேயே போய்ச் சேர்கிறது.

ஒரே ஒரு இடத்தில் கதவு சற்றுத் திறக்கிறது. விபசார விடுதியில் அடைக்கப்பட்ட பள்ளி மாணவி நீலா, மறுநாள் கணக்குத் தேர்வு என்று சொல்லும் காட்சி. கூட்டாகச் செய்யும் குற்றம் ஒரு பிள்ளையை என்ன செய்கிறது என்பது அந்த ஒரு பேச்சில் தெரிந்துவிடுகிறது. ஆனால் வேலு அவளை மணந்துகொள்வதோடு அது காதல் கதையாகிவிடுகிறது. அந்த விடுதி யாருடையது, மற்றப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று படம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இறுதியில் வழக்கு சாட்சியின்றித் தோற்கிறது. மக்களின் அன்பே காரணம் என்று நாம் நம்புமாறு காட்சி அமைந்துள்ளது. ஆனால் சாட்சி சொல்ல முன்வந்த ஒருவனை ஒழிக்கப் போய்த்தான் மகன் சூர்யா இறக்கிறான் என்பதைப் படமே முன்னர்க் காட்டியிருக்கிறது! அன்பால் பேசாதவனும் அச்சத்தால் பேசாதவனும் நீதிமன்றத்தில் ஒரேமாதிரிதான் நிற்பார்கள்.

பேரன் தாத்தாவிடம், நீங்க நல்லவரா கெட்டவரா என்று கேட்கும் வசனம் புகழ்பெற்றது. கேள்வி ஒரு மனிதனைப் பற்றியது; வேலு சாகும்போது கதையும் முடிந்துவிடுகிறது. பம்பாயில் அப்படி முடியவில்லை. போலீஸ் நெருக்கடியால் வரதராஜ முதலியார் சென்னைக்கு வந்து 1988இல் இறந்தார். கும்பல்களோ வேறு பெயர்களில் மேலும் வளர்ந்தன. 1999இல் மகாராஷ்டிர அரசு இதற்கெனவே தனிச்சட்டம் இயற்றியது. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை அச்சட்டம் சாட்சியமாக ஏற்கிறது. பொதுச்சட்டத்தில் அதற்கு இடமில்லை.