பாலைத் திரிபும் கோல் திரிபும்

பாலைத்திணைப் பாடல்களில் ஆறலை கள்வரைப் பற்றிய குறிப்புகள் மிகப் பல. வழிச்செல்வோர்மேல் அம்பு தொடுத்தலும், அவர்தம் கைப்பொருளைப் பறித்தலும், வீழ்ந்தாரைத் தழையும் கல்லும் இட்டு மூடிய பதுக்கைகளும் அகப்பாடல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. இக்கொடுமைக்குக் காரணம் காட்டுவோர் பெரும்பாலும் இரண்டனுள் ஒன்றைக் கூறி அமைவர். நிலத்தின் வெம்மையே காரணம் என்பது ஒன்று. அந்நில மக்களின் பிறவிக்கொடுமையே காரணம் என்பது மற்றொன்று. முன்னது குற்றத்தைக் கதிரவன்மேல் ஏற்றுகின்றது. பின்னது குருதியின்மேல் ஏற்றுகின்றது. இவ்விரண்டினும் வேறாக, வாழ்தொழில் இன்மையும் ஆட்சித் தளர்ச்சியும் கூடியவிடத்தே வழிப்பறியும் அச்சமும் பெருகும் என்னும் கருத்துப் பழம்புலவர்க்கு உண்டு. அதனை அவர்தம் பாட்டுக்கொண்டே நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சிலப்பதிகாரத்து உவமை

தொல்காப்பியர் பாலைக்குத் தனிநிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று விளக்குவது சிலப்பதிகாரக் காடுகாண் காதை. மதுரைக்கு வழி வினவிய கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் கூறும் விடையில் இவ்விளக்கம் வருகின்றது. பாலையின் இலக்கணம் கூறப் புகுவோர் இப்பகுதியை எடுத்துக்காட்டாது விடுவதில்லை. ஆயினும், நிலம் திரிதலைக் கூறும் பின்னடிகளை மட்டுமே எடுத்து, அவற்றுக்கு முன் நிற்கும் உவமையை விட்டுவிடுதல் வழக்கமாயிற்று.

அவ்வுவமை யாது? அரசனும் அவன் தொழில்புரிவோரும் ஒருங்கே முறைகோடியதனால் ஆட்சியின் இயல்பை இழந்த அகன்ற நிலம்போல என்பதாகும். கதிரவன் வேந்தனாகவும் வேனில் அவனோடு இயையும் துணையாகவும் உருவகம் பெறுகின்றனர். இங்கு இரண்டு நுட்பங்கள் கருதற்பாலன. முதலாவது, கேடு வேந்தன் ஒருவனால் மட்டும் வருவதன்று. கோத்தொழிலாளரும் உடன்கோடியவிடத்தே வருவது. இரண்டாவது, பாலை என்பது தொன்றுதொட்டு வறண்ட நிலமன்று. முன்பு நலம் உடையதாயிருந்து பின்பு அதனை இழந்த நிலம். நலம் மீளும் என்னும் குறிப்பும் இதனுள் அடங்கியுள்ளது.

2. கலித்தொகைப் பத்தாம் பாட்டு

இக்கருத்து இளங்கோவடிகட்கே உரிய தனிக்கருத்து அன்று. பாலைபாடிய பெருங்கடுங்கோவின் பாலைக்கலியில் பத்தாம் பாட்டு இதனை மேலும் விரித்துரைக்கின்றது. பிரியக் கருதிய தலைவனைத் தோழி தடுக்கும் அப்பாட்டில், சுரத்து மரங்களின் நிலை உவமைகளால் அடுக்கிக் கூறப்படுகின்றது. கொம்புகள் வறியவனுடைய இளமைபோல் வாடின. அடைந்தார்க்கு உதவாத சிறியோன் செல்வம்போல் மரம் நிழலற்று நின்றது. எல்லாரிடத்தும் வரம்பு கடந்து தீமை செய்து புகழ்கெட்டவன் முடிவுபோல் அது வேரோடு வெம்பியது. இறுதியில், குடிகள் அலறக் கொலைக்கு அஞ்சாத வினைவர் நெறியன்றிப் பொருள் விரும்புதலால் கோல் கோடிய மன்னனின் நிழலில் வாழும் உலகத்தோடு அச்சுரம் ஒப்பிடப்படுகின்றது.

உவமைகளின் வைப்புமுறை ஆராயத்தக்கது. இளமை என்பது தளிர்க்கும் பருவம். வறுமையால் வாடும் முதுமையைக் கூறாது இளமையைக் கூறியது ஏன்? ஆற்றல் உண்டு, அதற்கு வினையில்லை. வேட்கை உண்டு, அதற்கு வழியில்லை. தளிர்க்க வேண்டிய கொம்பே வாடி நிற்கும் காட்சிக்கு இதனினும் பொருத்தமான உவமை அரிது. அடுத்து, உடையவன் உதவாமை வருகின்றது. அதனை அடுத்து, தீயோன் கேடு. இவையனைத்துக்கும் மேலாக, பொருள் வெஃகும் வினைவரும் வளைந்த கோலும். தனிமனிதன் வாட்டத்தில் தொடங்கி ஆட்சியின் கோட்டத்தில் முடியும் ஏறுமுறை இது. வறிய இளைஞனே கள்வனாயினான் என்று பாட்டுக் கூறவில்லை. அவ்வாறு கூறியதாக நாம் கொள்ளுதலும் கூடாது. ஆனால் வறியவன் இளமையும் கோடிய கோலும் ஒரே சுரத்தின் கொம்பாகவும் வெம்மையாகவும் நிற்கின்றன என்பது மறுக்கவொண்ணாதது.

3. அலைக்கும் வில்லும் காக்கும் வில்லும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. அவன் காவலுடைய நாட்டில், வழிச்செல்வோர் அலறத் தாக்கிப் பொருள் பறிக்கும் கொடியோர் இல்லை என்று புலவர் கூறுகின்றார். அக்கொடியோரைச் சுட்டுமிடத்துக் களவையே ஏராகக் கொண்டு வாழ்வோர் என்னும் பொருள்படக் கூறியமை நோக்குக. உழவன் ஏரால் வாழ்தல்போல அவர் களவால் வாழ்வர். ஆகவே களவு புலவர் நோக்கில் குணமன்று, தொழில். வேறு ஏர் கிடைத்தவழி விடத்தக்கது அது.

அதே நூலில் சுங்கம் கொள்ளும் பெருவழியை வில்லேந்தியவர் காத்து நிற்கின்றனர். எயினர் குடியிருப்பும் அடுத்துக் காட்டப்படுகின்றது. ஈந்தின் இலை வேய்ந்த குடிசைகளில் வாழும் எயிற்றியர், கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டி, நிலவுரலில் குற்றி, உவர்நீரில் சமைத்து, உலர்ந்த ஊனோடு பாணர்க்கு விருந்தளிக்கின்றனர். நிலமும் அதுவே, வில்லும் அதுவே. காவல் உள்ள நாட்டில் அவர் வழிப்போக்கரை ஊட்டுவோராகக் காட்சியளிக்கின்றனர். வெம்மையும் பிறப்புமே களவுக்குக் காரணமாயின் இக்காட்சிக்கு இடமே இராது.

சிலப்பதிகார வேட்டுவ வரி இதற்கு மாறான நிலையைக் காட்டும். தெய்வமேறிய சாலினி, அயலூர்களில் ஆநிரை பெருகின என்றும், எயினர் மன்றங்கள் பாழ்பட்டன என்றும், எயினர் தம் மறத்தொழிலை மறந்து அறவோர்போல் அடங்கிவிட்டனர் என்றும் இடித்துரைக்கின்றாள். வேறு தொழிலுக்கு வழியில்லாத குடி ஒன்று, பழைய தொழிலையும் விட்டால் பசிக்கும்; கைக்கொண்டால் பிறர் அஞ்சுவர். இவ்விருதலை இடர்ப்பாட்டைச் சாலினியின் வாய்மொழி தெளிவாக்குகின்றது.

4. காவலரே கள்வராதல்

ஆட்சித் தளர்ச்சி என்பது தண்டியாமை மட்டுமன்று. முறையின்றித் தண்டித்தலும் ஆகும். கோலோடு நின்று குடிகளிடம் பொருள் வேண்டும் அரசனை, வேலோடு நின்று வழிப்பறி செய்வானுக்கு ஒப்பாக்குகின்றார் வள்ளுவர். காவலன் காவானாயின் ஆவின் பயன் குன்றும், அறுதொழிலோர் நூலை மறப்பர் என்று கொடுங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக்குறளில் கூறுகின்றார். முறைகேடு தொழிலையும் கல்வியையும் கெடுக்கும் என்பது இதன் கருத்து. நாட்டிலக்கணம் கூறுமிடத்தும் பல குழுக்களையும், உட்பகையையும், வேந்தனை வருத்தும் கொலைத்தொழிற் குறும்பரையும் இல்லாததே நாடு என்கின்றார்.

கோவலன் கொலை இதற்குக் கதைவடிவான சான்று. அவன் தோற்றத்தைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என ஐயுறுகின்றனர். அவ்வையத்தைப் பொற்கொல்லன் சொல்வன்மையால் மாற்ற முயல்கின்றான். ஆராய்ச்சி முடியுமுன், கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். மதுரையில் அன்று பறிபோன உயிர் கள்வனால் போனதன்று. காவற்றொழில் பெற்ற, கல்வியும் கட்டுப்பாடும் பெறாத ஒருவனால் போனது. கட்டுரை காதையில் மதுராபதி கூறும் வார்த்திகன் வரலாறும் இதனோடு ஒத்தது. அவன் மகன் அணிந்த கலன்களைக் கண்டு பொறாத கோத்தொழில் இளையவர், முறையன்றி வார்த்திகனைச் சிறையிட்டனர். பாண்டியன் உண்மை உணர்ந்து, அறியாதாரால் தன் முறை பிழைத்தமையை ஏற்றுப் பொறுத்தருள வேண்டினான். சிறைக்கோட்டங்களைத் திறக்கவும் வரிக்கடன் பட்டோரை விடுவிக்கவும் ஆணையிட்டான். காடுகாண் காதையில் உவமையாய் நின்ற கோத்தொழிலாளர், கட்டுரை காதையில் கதைமாந்தராகவே வருதல் காப்பிய ஒருமைப்பாட்டுக்குச் சான்றாம்.

5. தடையும் விடையும்

உவமை காரணமாகாது என்று ஒரு தடை எழலாம். உண்மையே. ஆயினும் உவமை கேட்போர் அறிந்த பொருளாய் இருத்தல் வேண்டும். கோல்கோடிய நாட்டின் வறட்சி அன்றைய மக்கள் பட்டறிந்த ஒன்றாய் இருந்தமையாலன்றோ அறியாத சுரத்தின் வறட்சியை அதனால் அறிவிக்க இயன்றது?

இரண்டாவது தடை இதனினும் வலியது. அதே பாலைக்கலியின் நான்காம் பாட்டில், வழிப்போக்கரிடம் கொள்ளத்தக்க பொருள் இல்லாதபோதும், அவர் துடித்தலைக் காணும்பொருட்டே உயிர் வௌவும் மறவர் கூறப்படுகின்றனர். பசியே காரணமாயின் பொருளில்லாரைக் கொல்லுதல் ஏன்? இதனை மறைத்தல் ஆராய்ச்சி ஆகாது. வறுமையால் தொடங்கிய கொடுமை, தடுப்பார் இன்றி நீடிக்குமாயின், வறுமை நீங்கிய பின்னும் வழக்கமாய் நிலைத்துவிடும் என்று கொள்ளுதலே பொருத்தமாகும். நான்காம் பாட்டு நோயின் முதிர்ச்சியைக் காட்டுகின்றது. பத்தாம் பாட்டு நோயின் முதலைக் காட்டுகின்றது. இரண்டையும் ஒருங்கு நோக்குவார்க்கு முரண் இல்லை.

6. பிறவிக்கொள்கையின் கேடு

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. குற்றம் குருதியில் உள்ளது என்னும் கொள்கை சட்டமாகவும் ஆகியது. வட இந்தியாவில் 1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குடிகள் பல, பிறப்பளவிலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்யப்பட்டன. அவற்றுட் சில முன்னர் ஊர்க்காவலையே தொழிலாகக் கொண்டவை. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அரசு தன் காவல்துறையை அமைத்து வளர்த்தபோது, பழைய காவலுரிமை மதிப்பிழந்தது. காக்கும் வில்லைப் பறித்த ஆட்சி, அதனை ஏந்தியவரைப் பிறவிக்கள்வர் என்றது. கைரேகைப் பதிவை எதிர்த்த மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்பிரல் 3ஆம் நாள் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுமைக்கும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. பாலைப்பாட்டில் வரும் கள்வரைப் பிறவிக்கொடியோர் என உரைக்கும் விளக்கங்கள், தம்மை அறியாமலே அச்சட்டத்தின் மொழியைப் பேசுகின்றன. பாட்டில் இல்லாத அம்மொழியை உரையில் புகுத்தாமை நம் கடமை.

முடிவுரை

பழம்புலவர் தண்டனையை வெறுத்தவர் அல்லர். கொடியோரைக் கொலையின் ஒறுத்தலைப் பயிரிடைக் களைகட்டலோடு ஒப்பிட்டவர் வள்ளுவர். ஆனால் அவ்வுவமையுள்ளும் பயிர் முன்னது, களை பின்னது. பயிர் வளர்க்காத நிலத்தில் களைகட்டல் உழவு ஆகாது. உழுவாரைக் காத்து ஏனையோரையும் காக்குமாறு கிள்ளிவளவனுக்கு வெள்ளைக்குடி நாகனார் புறநானூற்றில் அறிவுறுத்தியதும், மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியதும், பாண்டியன் சிறைதிறந்ததும் இந்நெறி பற்றியனவே.

ஆதலின், பாலையைக் கதிரவன் ஆக்கிய நிலமாக மட்டும் கற்பித்தல் குறைபாடுடையது. காடுகாண் காதைப் பகுதியை எடுத்துக்காட்டுவோர் அதன் உவமையையும் சேர்த்தே காட்டுதல் வேண்டும். வாடிய இளமையும் வளைந்த கோலும் கூடுமிடத்து முல்லையும் குறிஞ்சியும் மட்டுமன்றி, மருதமும் நெய்தலும்கூடப் பாலையாகும் என்பது அவ்வுவமையினின்று நாம் பெறத்தக்க முடிபாகும்.