டாட்ரி: ஒரு சொல்லின் வீழ்ச்சி

மலிவான பகட்டைச் சுட்ட ஆங்கிலத்தில் ‘டாட்ரி’ என்றொரு சொல் உண்டு. கண்ணைப் பறிக்கும், ஆயினும் தரமற்றது, நல்ல ரசனைக்கு ஒவ்வாதது என்பது அதன் பொருள். இவ்விழிசொல் ஒரு புனிதவதியின் பெயரிலிருந்து பிறந்ததென்பதைப் பலர் அறியார்.

ஏழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த எதெல்த்ரித் என்னும் அரசி, அரச வாழ்வைத் துறந்து, ஈலி என்ற ஊரில் 673இல் மடம் நிறுவி, 679இல் மறைந்தார். இறுதி நாள்களில் கழுத்தில் எழுந்த கட்டியை, இளமையில் அணிந்த கழுத்தணிகளின் வீண் பாரத்துக்கு ஈடாக அவர் ஏற்றுக்கொண்டார் என்று வரலாற்றாசிரியர் பீட் எழுதுகிறார். பிற்கால வழக்கில் அப்பெயர் ‘ஆட்ரி’ எனக் குறுகியது. அவர் பெயரால் கூடிய சந்தையில் பெண்கள் கழுத்தில் கட்டும் பட்டு நாடாக்கள் விற்றன. அணிகலனுக்காக வருந்தியவரின் பெயரே அணிகலனுக்கு வாய்த்தது!

‘செயிண்ட் ஆட்ரி’ என்பதன் ஈற்று மெய் வருமொழி உயிரோடு கூடி ‘டாட்ரி’ ஆயிற்று. புணர்ச்சி விதி கற்ற தமிழருக்கு இது வியப்பன்று. ‘நாரஞ்ச்’ என்ற அரபுச் சொல்லோ ஐரோப்பாவில் தலையெழுத்தை இழந்து ‘ஆரஞ்சு’ ஆனது.

தொடக்கத்தில் அந்நாடா விரும்பத்தக்க பொருளே. ஷேக்ஸ்பியரின் ‘குளிர்காலக் கதை’ நாடகத்தில், காதலன் வாங்கித் தருவதாக வாக்களித்த அதனை ஒரு கிராமத்துப் பெண் உரிமையோடு கேட்கிறாள். சந்தையில் மலிவுச் சரக்கு பெருகியபின், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஏளனச் சொல்லாயிற்று.

அரபு மொழி இவ்விடத்தில் நுட்பமானது. ‘முப்ததல்’ என்றால் பலர் கைப்பட்டுத் தேய்ந்தது. வாரி வழங்குதலைக் குறிக்கும் ‘பத்ல்’ என்பதும் அதே வேரில் பிறந்ததே. ‘ஸுக்ருஃப்’ என்பதோ வேறு. பொன்னையும் அலங்காரத்தையும் குறித்து, பின் உள்ளீடற்ற பொய்யழகையும் குறிக்கும் சொல் அது. திருக்குர்ஆனின் 43ஆம் அத்தியாயம் அப்பெயர் கொண்டது. முன்னது எளியோர் புழங்கியதால் மங்கியது. பின்னது ஏமாற்றுவதற்கென்றே மின்னுவது. ‘டாட்ரி’ இவ்விரண்டையும் ஒன்றாக்கி இகழ்கிறது.

நாமும் அப்பிழையைச் செய்தோம். முசிறியிலிருந்து திருச்சி சென்றிருந்த ஒருநாள், நத்ஹர் வலி தர்கா அருகே சிமிட்டும் விளக்குகள் பொருத்திய கஅபா படமொன்றை ஒரு மூதாட்டி பேரம் பேசி வாங்கினார். உடன்வந்த மாணவர் சிரித்தார், நாமும் புன்னகைத்தோம். ஹஜ்ஜுக்குச் செல்லும் வசதி அவருக்கு வாய்க்குமா என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. அப்படம் முப்ததலாக இருக்கலாம். அதில் பொய் ஏதுமில்லை.

அன்று மாலை முசிறி திரும்பியதும், நாம் உரையாற்றவிருந்த கூட்டத்தின் சுவரொட்டியைக் கண்டோம். நம் பெயருக்கு முன்னே மூன்று வரிகளில் பட்டங்கள். அவற்றுள் இரண்டு நமக்கு எவரும் வழங்காதவை. அதை எண்ணி எவரும் சிரிக்கவில்லை. நாமும் நீக்கச் சொல்லவில்லை.

ரசனைக் குறைவென்று பிறரைச் சுட்டும் கற்றோர், ஸுக்ருஃப் எங்கே இருக்கிறதென்று முதலில் தம் பெயர்ப்பலகையில் தேடட்டும். மூதாட்டியின் படம் அதுவரை அவர் வீட்டுச் சுவரில் ஒளிரட்டும்.