கைக்கடிகாரமும் கலோரிக் கணக்கும்

எடைப் பயிற்சி செய்யும் மாணவர் ஒருவர் தம் கைக்கடிகாரத்தைக் காட்டி, "அரை மணியில் 300 கலோரி செலவு, ஐயா! இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிடலாம்" என்றார். அந்த எண்ணை நம்பலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

50 கிலோகிராம் எடையை அரை மீட்டர் உயர்த்தச் செய்யும் வேலை 50 × 9.8 × 0.5 = 245 ஜூல். பத்து முறைக்கு 2,450 ஜூல். ஓர் உணவுக் கலோரி என்பது 4,186 ஜூல். ஆகவே இது 0.6 கலோரிதான்! தசையின் பயனுறுதிறன் ஏறத்தாழ கால் பங்கு என்பதால், உடலின் செலவு இதைப்போல் நான்கு மடங்கு எனலாம். எடையை அசையாமல் தாங்கி நிற்கும்போது இயற்பியல்படி வேலை சுழி. ஆனால் தசை ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது.

கடிகாரம் இவற்றில் எதையும் அளப்பதில்லை. கையிலிருப்பது 5 கிலோவா, 50 கிலோவா என்பதே அதற்குத் தெரியாது. பச்சை ஒளியைத் தோலில் செலுத்தி நாடித்துடிப்பை எண்ணுகிறது, மணிக்கட்டின் அசைவை உணர்கிறது, மற்றவை ஊகமே. ஓடும்போது நாடித்துடிப்பும் ஆக்சிஜன் செலவும் ஏறத்தாழ ஒத்து உயரும். எடை தூக்கும்போதோ, இறுகிய தசைகள் இரத்தக் குழாய்களை நெருக்குவதாலும் துடிப்பு கூடும்.

2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளை நடை, ஓட்டம், மிதிவண்டிப் பயிற்சிகளில் சோதித்தனர். ஆறு கருவிகள் துடிப்பை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் அளந்தன. ஆற்றல் செலவிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது.

ஆகவே, அந்த எண்ணை நம்பிப் பரோட்டாவைக் கூட்டாதீர்கள். எண் சிறிதென்று பயிற்சியையும் விடாதீர்கள். தூக்கிய எடையையும் தடவைகளையும் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அவை நீங்களே எண்ணியறிந்தவை.