அடைத்த வளைவுகள்

இங்கிலாந்தின் வடக்கே, யோர்க்சயர் மேட்டுநிலத்துப் பள்ளத்தாக்கொன்றில் கூரையில்லாமல் நிற்கிறது வொரம் பேர்சி புனித மார்ட்டின் தேவாலயம். அதைச் சுற்றியிருந்த ஊர் போய் ஐந்நூறு ஆண்டுகளாகின்றன. பாழடைந்த கட்டடங்களை அழகுக்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். இதை அப்படிப் பார்த்தால் பாதியைத் தவறவிடுவோம். ஊரின் குடிசனக் கணக்கு இதன் சுவர்களில்தான் இருக்கிறது.

சிறு மரக்கோயிலாகத் தொடங்கிப் பின்னர் கற்கோயிலானது. 12ஆம் நூற்றாண்டில் சனம் பெருக, தெற்குச் சுவரை உடைத்து, தூண்களும் வளைவுகளும் எழுப்பிப் பக்கமண்டபம் சேர்த்தார்கள். பிறகு வடக்கிலும் ஒன்று. சனம் குறைந்தபோது மண்டபங்களை இடித்து, வளைவுகளைக் கல்லால் அடைத்தார்கள். அடைத்த வளைவுகள் இன்றும் சுவரில் தெரிகின்றன. வந்து நின்றவர்களும் இல்லாமற் போனவர்களும் அந்தக் கற்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

இத்தகைய ஊர்களை 1348-49இன் கொள்ளைநோய் அழித்ததாகச் சொல்வது வழக்கம். நோய் பலரைக் கொண்டுபோனது உண்மை. ஆனால் இந்த ஊர் பிழைத்துக்கொண்டது. 1500ஆம் ஆண்டளவில் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றியது ஆட்டு மேய்ச்சல். உழவைவிடக் கம்பளி நிலவுடைமையாளருக்கு இலாபமாயிருந்தது. மொரிஸ் பெரெஸ்போர்டும் ஜோன் ஹேர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் இங்கே அகழ்வு நடத்தினார்கள். கோயிலடியில் மட்டும் ஏறத்தாழ 700 பேரின் எலும்புகள் கிடைத்தன.

ஊர் போன பின்னும் அயலூரார் வந்ததால் கோயில் நீடித்தது. 1870இல் திக்சென்டேல் ஊருக்குத் தனிக்கோயில் கட்டப்பட, வருவோர் மேலும் குறைந்தார்கள். கடைசி வழிபாடு 1949இல் நடந்தது. 1959இல் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது.

சரிந்ததைத் திரும்பக் கட்டாமலும், அடைத்த வளைவுகளைப் பூசி மறைக்காமலும் விட்டது நல்ல முடிவு. புதுக்கியிருந்தால் இந்தக் கணக்கு அழிந்திருக்கும். எனது மனத்தாங்கல் வேறு. போகிறவர்கள் சுவரைவிடச் சூழலின் அமைதியில்தான் லயிக்கிறார்கள். வீடுகளின் அத்திவாரங்கள் அந்தப் பசும்புல்லுக்கடியில் மேடுகளாகக் கிடக்கின்றன. அந்த அமைதி இயற்கை தந்ததல்ல. குடிகளை எழுப்பிவிட்டது இந்தப் புல்லுக்காகத்தான். ஊர் விட்டு வந்த எங்களுக்காவது அது கண்ணில் படவேண்டும்.