மதிப்பா, அர்ப்பணிப்பா?

அமெரிக்காவின் கத்தோலிக்கக் கல்லூரிகளில் விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பிப்போர், தம் ஆய்வுகளையும் பரிந்துரைக் கடிதங்களையும் அனுப்பினால் மட்டும் போதாது. பல கல்லூரிகள் மற்றொரு தாளும் கேட்கின்றன. 'எம் நிறுவனத்தின் பணிநோக்கத்திற்கு நீவிர் எவ்வாறு துணைபுரிவீர்?' என்பதற்கு ஓரிரு பக்க விடை. இறைநம்பிக்கையற்ற நேர்மையாளரைத் திணற வைப்பது இத்தாளே. நேர்மையற்றவருக்கு இதில் தொல்லை ஏதும் இல்லை.

சமயக் கல்லூரிகள் தம் சமயத்தாரையே அமர்த்திக்கொள்ள அந்நாட்டின் 1964ஆம் ஆண்டுக் குடிமையுரிமைச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வுரிமையை முழுதும் பயன்கொள்வது, இல்லினாய் மாநிலத்தில் சீர்திருத்தச் சபையார் நடத்தும் வீட்டன் கல்லூரி. ஆசிரியர் அனைவரும் அதன் விசுவாச அறிக்கையை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். 2004இல் கத்தோலிக்கரான மெய்யியல் ஆசிரியர் ஒருவர், அவ்வறிக்கையைத் தம்மால் இன்னும் ஏற்க இயலும் என்றார். கல்லூரித் தலைவர் இசையவில்லை, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நம் திருச்சபைக்கு வந்தவர் இழந்த பணி என்பதால் நமக்கு வருத்தமே. ஆயினும் அங்கே கதவு மூடியிருப்பதைத் தெருவில் நிற்பவரும் காணலாம். நாத்திகர் அங்கு விண்ணப்பிக்கமாட்டார். பொய்யுரைக்கும் தேவையும் அவருக்கு எழாது.

நம் கல்லூரிகளின் நிலை வேறு. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1990 ஆகஸ்ட் 15 அன்று வெளியிட்ட 'திருச்சபையின் இதயத்திலிருந்து' என்னும் திருத்தூதுச் சட்டம், எச்சமயமும் சாராதவரும் நம் பல்கலைக்கழகங்களில் கற்பிப்பதை வெளிப்படையாகவே ஏற்கிறது. கத்தோலிக்கத் தனித்தன்மையை ஆசிரியர்கள் வளர்க்க வேண்டும், குறைந்தது மதிக்கவேனும் வேண்டும் என இரு படிகள் வைக்கிறது. லுப்ளினில் பல்லாண்டுகள் அறநெறியியல் கற்பித்தவரின் சட்டம் இது. கீழ்ப்படியையும் அவர் எண்ணியே வைத்தார் என்று கொள்வேன். கத்தோலிக்கர் அல்லாதார் பெரும்பான்மையாகிவிடலாகாது என்ற விதியும் அங்கேயே உண்டு. கசப்பானதுதான், ஆனால் ஒளிவு இல்லாதது.

இச்சட்டத்தைத் தம் நாட்டில் நடைமுறைப்படுத்த அமெரிக்க ஆயர்கள் 1999இல் ஏற்ற விதிமுறைகள் 2001இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒரு சொல் மாறுகிறது. பேராசிரியர் அனைவரும் நிறுவனத்தின் கத்தோலிக்கப் பணிநோக்கத்தை அறிந்திருப்பதோடு, அதற்கு அர்ப்பணிப்பு உள்ளவராகவும் இருக்க எதிர்பார்க்கப்படுகின்றனர். (கோட்பாட்டைக் குறித்து மட்டும் மதிப்பே போதும் என்கிறது அடுத்து வரும் விதி.) மதிப்பை வகுப்பறையில் காணலாம்: புனித அகுஸ்தீனாரை எள்ளாமல், வெட்டிச் சுருக்காமல் நடத்துகிறாரா என்பதை மாணவரே சொல்வர். அர்ப்பணிப்போ உள்ளத்தின் செய்தி. அதைத் தாளில் கேட்டால் எழுத்துத்திறன் உள்ளவர் எழுதித் தந்துவிடுவார்.

எழுதித் தரவும் செய்கின்றனர். 1973இல் வாலென்சியா நகரில் அருட்தந்தை பேத்ரோ அருப்பே, இயேசு சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்முன் ஆற்றிய உரையால் 'பிறருக்காக வாழும் மனிதர்' என்ற தொடர் பரவியது. அவ்வுரையில் அத்தொடருக்கு வேர் கிறிஸ்துவே. பணிநோக்கத் தாள்களில் வேரை விடுத்துப் பூவை மட்டும் கிள்ளி வைப்பது எளிது. விண்ணப்பிப்பவரை நான் குறைகூறேன். பல கல்லூரிகளின் விளம்பரங்களே அப்பூவை அவ்வாறுதான் சூடிக்கொள்கின்றன.

உரோமைச் சட்டத்திலும் ஒரு குறை காண்கிறேன். நிறுவனத்தின் தன்மையையும் அதனால் எழும் கடமைகளையும் ஆசிரியருக்குப் பணியமர்த்தும் வேளையில் அறிவிக்க வேண்டும் என்கிறது அது. அவ்வேளையில் அவர் அந்தத் தாளை எழுதி முடித்திருப்பார். பழைய வேலையையும் விட்டிருக்கலாம். இப்பணிக்கு நம்பிக்கை வேண்டுமா, மதிப்புப் போதுமா, பெரும்பான்மை விதி இத்தேர்வில் எடைபோடப்படுமா, நம்பிக்கையற்றவர் பிற்காலத்தில் துறைத்தலைவர் ஆகலாமா என்பவற்றை விளம்பரத்திலேயே நான்கு வரிகளில் அச்சிட்டுவிடலாம்.